பதினாறாவது சுற்று

"அக்கா, எனக்கு ஒண்ணு ஜாஸ்தி வருது."

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கம் சாய்ந்து, தன் தாளைக் காட்டிச் சொன்னாள். நான் என் தாளைப் பார்த்தேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பதினைந்து கட்டங்களாகப் பிரித்து, ஓடுகிறவள் கோட்டைக் கடந்த நேரத்தை ஒவ்வொரு கட்டத்திலும் நிமிடம், நொடி என்று எழுதியிருந்த தாள். அவளுடைய தாளில் வெறும் கோடுகள்தான் இருந்தன. அவையும் கோணல்மாணலாக இருந்தன. ஓரிடத்தில் வியர்வை பட்டு மை கலைந்திருந்தது. "ஒண்ணு அடிச்சிடு" என்றேன். அவள் அடித்துவிட்டாள். மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்த மற்ற நான்கு பெண்களும் என் தாளை எட்டிப் பார்த்துத் தங்கள் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் இடையில் உள்ள ஊர் எங்களுடையது. பிப்ரவரி மாதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அந்த ஒரே வாரத்தில் எங்கள் பள்ளி மைதானத்தில் வட்டார விளையாட்டுப் போட்டி, அடுத்து வகுப்புப் புகைப்படம், அதற்கடுத்து ஒன்பதாம் வகுப்பு எங்களுக்குக் கொடுக்கும் பிரிவு விழா. அந்த விழாவைத் தமிழ் வழியில் படித்த நாங்களும் வீட்கோலு என்று தெலுங்கில்தான் சொல்வோம். இந்த மூன்றுக்கும் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் இருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான்தான் வாங்கிக்கொண்டேன். ஒரே அட்டையில் மூன்று தாள்களைச் செருகி வைத்திருந்தேன்.

ஓடிக்கொண்டிருந்தவள் என் பெஞ்சுக்காரி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. என் டிபன் பாக்ஸை என்னைவிட முன்னால் திறந்து பார்ப்பவள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ லிஸ்ட்டு" என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடின. பத்தாவது முடிந்ததும் அவள் என்ன செய்ய வேண்டும் என்று அவளுடைய நைனா முன்பே முடிவு செய்திருந்தார். "திருப்பதி ஆஸ்டல்ல சீட்டு கெடச்சா போ. இல்லாங்காட்டி தறிக்கு வந்துடு. வேற பேச்சே இல்ல." அவர் சொன்னது விளையாட்டு விடுதியை. அங்கே தங்கி, ஓடிக்கொண்டே இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கலாம். அதற்கான தேர்வோட்டத்துக்கு ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் மூவாயிரம் மீட்டரில் முதலில் வருகிற ஒரு பெண் மட்டும்தான் போக முடியும். அன்றைய ஓட்டம் அவளுக்கு அதற்காகத்தான்.

எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் ஒரு சுற்று இருநூறு மீட்டர். ஆகவே பதினைந்து சுற்றுகள். ஆறு பேர் ஓடினார்கள். ஒருத்திக்கு ஒரு கணக்கெடுப்பாளர். என் பெஞ்சுக்காரி முதல் சுற்றிலிருந்தே முன்னால் ஓடியதால், அவள் கணக்கை எழுதிய நான் கை காட்டும்போதுதான் கடைசிச் சுற்றுக்கான மணி அடிப்பார்கள். மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. அவள் ஒரு சுற்றை ஐம்பத்திரண்டு நொடியில் முடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. ஏழு கட்டங்கள் அழகாக நிறைந்தன.

எட்டாவது சுற்றின்போது வகுப்பு மேடம் மேசைக்கு வந்தார். பிரிவு விழாவுக்குச் சமையல்காரர் வந்து நிற்கிறார், பிரியாணி எத்தனை, புளிசாதம் எத்தனை, உடனே சொல்ல வேண்டும் என்றார். நான் தாளைப் புரட்டி எண்ணினேன். பிரியாணி முப்பத்தொன்று, புளிசாதம் பதினான்கு. மேடம் போனதும் பழைய தாளுக்குத் திரும்பினேன். என் பெஞ்சுக்காரி கோட்டைக் கடந்தாள். எட்டாவது கட்டத்தில் நேரத்தை எழுதினேன். உண்மையில் அது ஒன்பதாவது சுற்று. நான் புளிசாதம் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு முறை அவள் என்னைக் கடந்து போயிருந்தாள். அந்த எட்டாம் வகுப்புப் பெண் தன் தாளை நீட்டியது இதற்குப் பிறகு.

பதின்மூன்றாவது சுற்று முடிந்ததும் என் பெஞ்சுக்காரி வேகத்தைக் கூட்டினாள். கடைசி இரண்டு சுற்றுகளை முழு வேகத்தில் ஓடுவதுதான் அவள் திட்டம். என் தாளிலோ பன்னிரண்டுதான் இருந்தது. நான் பதறி எழுந்து, "மூணு கீதுடி, இன்னும் மூணு! மெதுவா!" என்று கத்தினேன். அவள் திரும்பாமலே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு!" என்றாள். நான் மூன்று விரலைக் காட்டினேன். அடுத்த சுற்றில் மணி அடிக்கும் என்று எதிர்பார்த்து வந்தவள், மணி அடிக்காததைக் கண்டு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். அதற்கடுத்த முறை, பதினைந்து சுற்றுகளும் உண்மையில் முடிந்தபோது, இரண்டாவதாக வந்தவளைவிடக் கால் மைதானம் முன்னால் இருந்தாள். அப்போதுதான் நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். மணி அடித்தது. பதினாறாவது சுற்றை அவள் கிட்டத்தட்ட நடந்துதான் முடித்தாள். கடைசி வளைவில் புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள்.

நான் இப்போது திருப்பதியில், அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி. இரண்டு கருவிகள் வேறு வேறு அளவைக் காட்டினால் எதையும் திருத்தக் கூடாது; இரண்டையும் அப்படியே எழுதிவைத்துவிட்டு, எதில் பிழை என்று தேட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை ஒரு முறை சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். அன்று எனக்கு மூன்று முறை சொல்லப்பட்டது. அந்தச் சின்னப் பெண் சொன்னாள், பெஞ்சுக்காரி விரலைக் காட்டினாள், அடுத்த சுற்றில் கண்ணால் கேட்டாள். என் தாள் சுத்தமாக இருந்தது என்பதைத் தவிர அதை நம்ப எனக்கு வேறு காரணம் இல்லை.

பிழை எனக்குத் தெரிந்தது பத்து நிமிடம் கழித்து, நேரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து வேறு தாளில் எழுதும்போது. நடந்து முடித்த கடைசிச் சுற்றைத் தவிர எல்லாச் சுற்றுகளும் ஐம்பது நொடியை ஒட்டி இருக்க, எட்டாவது மட்டும் நூற்று நான்கு. தாளை எடுத்துக்கொண்டு உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஓடினேன். அவர் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "எல்லாரும் பதினாறுதானே ஓடினாங்க, கதா? அந்தப் பொண்ணு ஃபர்ஸ்ட்டு வந்திச்சி. இப்ப இல்லன்னு சொன்னா அவங்க சார் சும்மா இருப்பாரா? விட்டுடம்மா." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜெயித்த பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை.

என் பெஞ்சுக்காரி குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன், புளிசாதம் உட்பட. அவள் குழாயை மூடினாள். "நான் சொன்னேன் இல்ல?" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பெஞ்சில் எங்களுக்கு நடுவில் அவள் பை இருந்தது. புகைப்படத்துக்கு நான் எழுதிய வரிசையில் அவள் இடம் என் பக்கத்தில்; அவள் போய்க் கடைசி வரிசை ஓரத்தில் நின்றுகொண்டாள். பிரிவு விழாவில் நான் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்திலிருந்தவளிடம் எனக்குக் கேட்கும்படி, "புளிசாதம் சரியா கீதான்னு கேளு. பதிமூணா பதினாலான்னு அவங்களுக்கே தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

தேர்வுக்குப் படித்த நேரம் போக, மீதி நேரத்தில் நான் ஒரு கடிதம் எழுதினேன். விடுதித் தேர்வுக் குழுவுக்கு, தெலுங்கில், ஏழு குறிப்புகளாக. சுற்றின் நீளம், ஓடிய சுற்றுகள், ஒவ்வொன்றின் நேரம், நூற்று நான்கு நொடி எப்படி வந்தது, பதினைந்தாவது சுற்று முடிவில் யார் எங்கே இருந்தார்கள். கடைசிக் குறிப்பு: கணக்கில் தவறியவள் நான். ஜெயித்த பெண்ணின் இடத்தைப் பறிக்கக் கேட்கவில்லை; இவளையும் ஓட விடுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை கையெழுத்துப் போட்டார். "நீ விடமாட்டே" என்றார்.

சமூக அறிவியல் தாள்தான் கடைசித் தேர்வு. மையத்துக்கு வெளியே எல்லோரும் ஒருவர் சட்டை மேல் ஒருவர் மை தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் பெஞ்சுக்காரியின் முதுகு முழுக்க நீலம். கடிதத்தை நீட்டினேன். நின்ற இடத்திலேயே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதுலகூட நம்பர் போட்டுக்கினு எழுதிக்கீறியேடி" என்றாள். ஏழு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு தன் பேனாவைத் திறந்து என் மேல் மையை உதறினாள்.

கடிதத்தோடு திருப்பதிக்கு நானும் அவளுடன் போனேன். குழு அவளை ஓட அனுமதித்தது. குழுவில் கடிதத்தைப் படித்த அம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் காட்டி, எட்டாவது சுற்றைச் சுட்டிச் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அங்கே மைதானம் நானூறு மீட்டர், ஏழரைச் சுற்று. அவர்களே எண்ணினார்கள், எண்ணுவதற்குப் பலகை வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டது இரண்டு பேரை. என் பெஞ்சுக்காரி மூன்றாவதாக வந்தாள். இருபதடி பின்னால். அந்தப் புத்தூர்ப் பெண் ஐந்தாவது.

அவள் ஒரு வருடம் தறியில் இருந்தாள். அதன் பிறகு வீட்டில் சண்டை போட்டு இன்டர் சேர்ந்தாள். இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாற்பது பெண்கள் வேலை செய்யும் பிரிவை மேற்பார்க்கிறாள். ஓடுவதில்லை. விடுதியில் சீட்டு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நான் கேட்டதில்லை. எனக்கே நான் போட்டுப் பார்த்த கணக்குகளில் எதையும் சரிபார்க்க வழியில்லை.

தேர்வோட்டம் முடிந்த அன்று திருப்பதியிலிருந்து பேருந்தில் திரும்பினோம். கூட வந்த ஆசிரியர் முன் சீட்டில் தூங்கிவிட்டார். அவள் ஜன்னலோரம். "என்னால தான்" என்று தொடங்கினேன்.

"ஏய், இன்னா உன்னால? இன்னிக்கி நானாவே தோத்தேன். அன்னிக்கி தோத்தது நீ. ரெண்டத்தையும் சேத்து நீயே எழுதிக்கினு போவாத."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "அன்னிக்கி எப்படிடி உனக்குக் கரெக்டா தெரிஞ்சிச்சி? ஓடிக்கினே எண்ணனியா?"

"எண்றதா? அது யாருக்கு வரும்? ஒரு ரவுண்டுக்கு ஒரு ஆளு. அவங்கள திட்டிக்கினே ஓடுவேன். மொத ரவுண்டு எங்க நைனா. ரெண்டாவது எங்க அண்ணன். மூணாவது கணக்கு மேடம். அப்படியே வரிசையா பதினஞ்சு பேரு. மாறவே மாறாது."

"பதினஞ்சாவது யாரு?"

"எதுத்த வூட்டு நாயி."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நாயும் முடிஞ்சிடிச்சி. திட்ட ஆளே இல்ல. கோட்டாண்ட பாத்தா நீ ஒரு வெரல தூக்கிக்கினு நிக்கிற. சரி வாடின்னு உன்ன வச்சிக்கினேன்."

"முழு ரவுண்டுமா?"

"முழு ரவுண்டும். மூச்செல்லாம் அதுலயே பூட்ச்சி. அதான் அவ தாண்டிக்கினு போய்ட்டா."

புத்தூரில் பேருந்து மாற வேண்டும். ஆசிரியர் எங்கள் ஊர்ப் பேருந்தை விசாரிக்கப் போனார். அவள் எதிரிலிருந்த கடைக்குப் போய், செய்தித்தாளில் மடித்த இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். ஒன்றை என் கையில் வைத்தாள்.

"போண்டா. ஆளுக்கு நாலு. எண்ணிப் பாத்துக்கினு துன்னு."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பொட்டலத்துக்குள் கையை விட்டு, பார்க்காமல், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.