எர்த் போடாமல் கை வைக்காத சாசிப்

பஸ்ரா நகரில் மின்கம்பம் ஏறுகிறவர்களில் சாசிப் அளவுக்கு வசவு வாங்கியவர் யாரும் இல்லை. முப்பது வருஷத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர்கூடக் கம்பத்திலிருந்து பிணமாக இறங்கவில்லை. அதற்காக அவரை யாரும் பாராட்டியதும் இல்லை. போகாத உயிருக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? ஆமை, மந்தம், அரசாங்கச் சம்பளத்துக்கு ஆடி அசைகிறவர் என்று தெருவுக்கு ஒரு பட்டம் கிடைத்ததுதான் மிச்சம்.

எல்லாம் ஒரு கால் மணி நேரத்தால் வந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் அவர் யாரையும் கம்பியைத் தொட விடமாட்டார். டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்வார். அந்த டெஸ்டரே ஒழுங்காக இருக்கிறதா என்று கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். அப்புறம் தரையில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அதிலிருந்து தடித்த வயரை மேலே கொண்டுபோய், தெருக் கம்பி நான்கையும் சேர்த்துக் கவ்வ வைப்பார். எர்த் போடுவது என்பது இதுதான். எங்கிருந்தாவது கரண்ட் வந்தால் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குப் போய்விடும். ஐம்பது டிகிரி வெயிலில் விசிறி இல்லாமல் வெந்துகொண்டிருக்கும் சனங்கள், அதான் கரண்டே இல்லையே, இல்லாத கரண்டுக்கு எதற்கு இத்தனை சடங்கு என்று கீழே நின்று கத்துவார்கள்.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மட்டும்தான் வரும் என்று எந்த மடையன் சொன்னது? பஸ்ராவில் அது வீட்டுக்குள்ளிருந்தும் வரும். வீட்டுக்கு வீடு சின்ன ஜெனரேட்டர் இருக்கிறது. முறைப்படி, தெருக் கம்பியைத் துண்டித்துவிடுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைத்து அதை இணைக்க வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலும் சொருகிவிடுவார்கள். மெயின் ஸ்விட்சை இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்குமா? வெளியே போய், தெருக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனைப் பிடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லியே சாசிபின் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அந்த ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கம்பி அறுந்தது சாசிபின் சொந்தத் தெருவில். கடைசி மூன்று வீடுகளுக்குப் போகிற கம்பி. சாசிபுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் கம்பம் ஏறுவது முஹைசின். பதினோரு வருஷமாக அவரை உஸ்தா, அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டு அவரோடு வேலை செய்கிறவன், ஐந்து பெண்களுக்குத் தகப்பன். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்குடுக்கை.

முதல் வீட்டில் ஐஸும் உறைந்த கோழியும் விற்கிற ஹாஜி ஃபர்ஹூத், ஜெனரேட்டரைத் தொடமாட்டேன் என்று புனிதர் அப்பாஸ் பெயரில் சத்தியம் செய்தார். அல்லாஹ் பெயரில் பொய் சொல்கிறவன்கூட அப்பாஸ் பெயரில் பொய் சொல்ல அஞ்சுகிற ஊர் அது. சாசிப் மசியவில்லை. ஹாஜி தன் கண் முன்னால் மெயினை இறக்கும்வரை வாசலிலேயே நின்றார். இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் நஜஃபுக்கு யாத்திரை போயிருந்தார்கள். மூன்றாவது சாசிபின் சொந்த வீடு. திரும்பிக் கம்பத்தடிக்கு வந்துவிட்டார்.

முஹைசின் ஏறி டெஸ்டரை வைத்தான். எதுவும் காட்டவில்லை. ஆபீஸிலிருந்து போன், இன்னும் மூன்று தெரு காத்திருக்கிறது, என்ன கிழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று.

"கம்பி செத்துக் கெடக்கு உஸ்தா. ரெண்டு முறுக்கு முறுக்கிட்டு எறங்கிடறேன்" என்றான் முஹைசின்.

"இப்போ செத்துக் கெடக்கு. நீ கை வைக்கும்போது உசுரு வந்தா? எர்த்தை மாட்டு."

"அபூ ஸஹர், என் கோழியெல்லாம் எந்திரிச்சுக் கூவப் போகுது" என்றார் ஹாஜி. பிள்ளை ஸஹரின் பெயரை வைத்துச் சாசிபைத் தெருவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கூவட்டும் ஹாஜி. மாட்டுடா."

முணுமுணுத்துக்கொண்டே முஹைசின் மாட்டினான். வியர்வையில் கையுறை வழுக்கியதால் அதைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, அறுந்த முனையை வெறுங்கையால் பிடித்து முறுக்க ஆரம்பித்தான்.

எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமிக் கிளம்பியது. மறு நொடியே முக்கி முனகி அடங்கிவிட்டது. மேலே எர்த் வயர் கவ்வியிருந்த இடத்தில் பட்டென்று ஒரு பொறி தெறித்தது. முஹைசினின் இரண்டு கையும் கம்பியில் இருந்தன. அவன் அசையவில்லை. சாசிப் அவன் பெயர் சொல்லிக் கத்தினார்.

"இருக்கேன் உஸ்தா" என்றான். அது அவன் குரலாகவே இல்லை.

சாசிப் ஹாஜியின் மேல் பாய்ந்தார். ஹாஜி இரண்டு கையையும் தூக்கி, என் மெஷினில் சொட்டு பெட்ரோல் இல்லை, வந்து பார்த்துக்கொள் என்றார். இரண்டாவது வீட்டில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் ஒரு வீடுதான்.

அந்த வீட்டு வாசலில் அவர் மனைவி உம் ஸஹர் நின்றிருந்தாள்.

"கெளப்பின ஒடனே நின்னுடுச்சுங்க. வேல முடிஞ்சு வரப்போ உங்களுக்கு மோராவது ஜில்லுன்னு இருக்கட்டும்னுதான் போட்டேன்."

"மெயினை எறக்கினியா?"

"அத எப்பவும் நீங்கதானே எறக்குவீங்க?"

ஊரில் பாதி வீட்டுக்குச் சேஞ்ச் ஓவர் மாட்டிக் கொடுத்தவர் அவர். ரமலானில் அவர் வீட்டு ஸ்விட்ச் கருகிப்போனது. இரண்டு நாளைக்குத்தானே என்று இரண்டு பக்கமும் பிளக் வைத்து அந்த வயரைத் தன் கையாலேயே செய்து கொடுத்திருந்தார். அந்த இரண்டு நாள் ஆகஸ்ட் வரைக்கும் நீண்டுவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்போல என்று ஹாஜி மெதுவாகத்தான் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. சாசிபுக்கு வந்த கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரேதான் நின்றார்.

வயரைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வெட்டிப் போடக் குறடைத் தேடினார். கீழே இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முஹைசின் கையை நீட்டினான்.

"குடுங்க உஸ்தா. வெட்டினா மறுபடி ஒட்டிக்குவீங்க."

வாங்கிச் சுருட்டி இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டான். கம்பத்தில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்தான்.

"நான் எறங்கற வரைக்கும் உங்க வீட்டு வாசல்ல நில்லுங்க."

சாசிப் தேய்ந்த முழங்காலோடு நடந்துபோய்த் தன் வீட்டு வாசலில் வெயிலில் நின்றார்.