நனையாத இடுப்புத் துணி

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஆடி மாதத்து மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு இருபத்தொரு வயது, மகளுக்கு ஒன்றரை. எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்ததுமே எனக்கு வயிறு எரிகிறது.

குடும்பத்துக்கு ஒரு அறை என்று வரிசையாகக் கட்டிய லயத்தில் மழைக்காலத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும், துணி காயவைப்பது என்ன பாடு என்று. வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து எட்டு இடுப்புத் துணி வைத்திருந்தேன். எட்டும் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும். காய்வதற்குள் புகை வாடை ஏறிவிடும். மகள் ராத்திரிக்கு மூன்று தடவையாவது நனைப்பாள். விடிவதற்கு முன்னே மலையிலிருந்து குழாயில் வந்து விழுகிற பீலித் தண்ணீரில் எல்லாவற்றையும் அலசிப் போட்டுவிட்டுத்தான் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பேர் கொடுக்கப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருந்தவளின் மகன் ஒன்றரை வயதிலேயே ராத்திரியில் நனைப்பதை நிறுத்திவிட்டானாம். பீலியில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெருமையைச் சொல்லாமல் போகமாட்டாள். என் வாளி நிறைய ஈரத்துணி, அவள் வாளியில் ஒன்றும் இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் மகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுப்பவர். இருந்தாலும் டாக்டரையா என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன போத்தலில் சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்து, "தண்ணியக் கொறச்சுக் குடு. தண்ணி உள்ள போனா இன்னும்தான் போகும்" என்றார். லயத்திலும் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் நம்பினேன். மகள் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதாள். நான் கோப்பையை அவள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தேன். பெற்ற தாய் செய்கிற வேலையா அது?

மறுநாள் சாயந்திரம் ஓட்டம் நின்றது. ராத்திரி முழுக்க அசையாமல் தூங்கினாள். விடியற்காலையில் துணியைத் தொட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரமில்லை. என் சந்தோஷத்தைக் கேட்கிறீர்களா! நோவும் போய்விட்டது, மகளும் கெட்டிக்காரியாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கட்டும் என்றே வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொன்னேன். முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? வயிற்றில் தண்ணீரே இல்லாத பிள்ளை எதை நனைக்கும்?

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவை ஒரு அக்கா பார்த்துக்கொண்டாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. அவளிடம், "இன்னிக்கு உங்களுக்கு வேலை மிச்சங்கக்கா, ராத்திரி பூரா நனைக்கவே இல்ல" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நேத்து எப்ப புள்ள கடைசியா நனைச்சா?" என்று கேட்டாள். "மத்தியானமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பெரட்டுக்கு ஓடினேன்.

பத்து மணி இருக்கும். மலையில் பறித்துக்கொண்டிருக்கிறேன், கீழ்ப் பாதையில் அந்த அக்கா ஏறி வருகிறாள். கறுப்புக் கம்பளிக்குள் என் மகள். மற்றப் பிள்ளைகளைத் தொட்டில் ஆட்டுகிற பெண்ணிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"இன்னும் நனைக்கல புள்ள. அழுவுறா, ஆனா கண்ணுல தண்ணி வரல. வாயத் தொட்டுப் பாரு" என்றாள்.

தொட்டேன். நாக்கு காய்ந்து விரலில் ஒட்டியது. கண் உள்ளே போய்க் கிடந்தது. காலையில் இதெல்லாம் எனக்கு ஏன் தெரியவில்லை? துணியைத்தான் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

எங்களை வேலை வாங்குகிற கங்காணி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "புள்ள மூத்திரம் பேயலன்னு மலைய விட்டு எறங்குறதா? பேஞ்சதும் வந்து சொல்லச் சொல்லு" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து அவர் கத்தியதை இங்கே எழுத முடியாது.

டிஸ்பென்சரியில் இதைவிட மோசம். "பேதி நின்னுருச்சில்ல? அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கு" என்றார் டாக்டரையா. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லொறியில் போக அவர் துண்டு எழுதித் தரவேண்டும். தரமாட்டேன் என்றுவிட்டார். இதுக்கெல்லாம் துண்டு எழுதினால் தோட்டத்தை நடத்துகிற துரை அவரைத்தான் ஏசுவாராம். துரை ஏசுவார் என்று பயந்தாரே தவிர, மேசைக்கு முன்னால் என் பிள்ளை துவண்டு கிடந்ததைக் குனிந்து பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவதென்று மழையில் குறுக்குப் பாதையில் இறங்கினோம். "நீங்க போங்கக்கா, உங்களுக்குப் பிரச்சினை வரும்" என்றேன். அவள் கேட்கவில்லை. பிள்ளைக்காம்பராவிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு போத்தல் எடுத்து வந்திருந்தாள். நான் தூக்க, அவள் கரண்டியில் சொட்டுச் சொட்டாக ஊட்ட, வழியெல்லாம் அப்படியே போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள நர்ஸ். மகளின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய தோல் கிள்ளினபடியே நின்றது. "கடைசியா எப்ப சூ போச்சு?" என்று அரைத் தமிழில் கேட்டாள். நேற்று மத்தியானம் என்றதும் சிங்களத்தில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். அவ்வளவும் எனக்குப் புரிந்தது. அதில் ஒரு சொல்கூட அநியாயமில்லை. காலில் ஊசி குத்திச் சேலைன் தண்ணீர் ஏற்றினார்கள். சாயந்திரம் வரை காத்திருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். ஊசி ஏறியதைப் பார்த்த பிறகுதான் அக்கா தோட்டத்துக்குத் திரும்பிப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் மடி சூடாக நனைந்தது. சேலையெல்லாம் ஈரம். நான் அந்த ஈரத்தோடு உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நாலாம் நாள் தோட்டத்துக்கு வந்தோம். மகளை விடப் போனால் பிள்ளைக்காம்பராவில் வேறொருத்தி நிற்கிறாள். அக்காவைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போட்டுவிட்டார்களாம். உத்தரவில்லாமல் வேலையை விட்டுப் போனாள், இன்னொருத்தியையும் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போனாள் என்று கங்காணி எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டரையா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுக்கிறார். பெரிய கணக்கப்பிள்ளை வெளியே வந்தார்.

"புள்ளயப் பாத்தவளுக்குத் தண்டன, பாக்காதவருக்கு ஒண்ணும் இல்ல. இது எந்த ஊர் நியாயங்கய்யா?" என்று கேட்டேன்.

"வாயக் கொற. அதான் புள்ள பொழச்சிருச்சே, பொறகென்ன?" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை இன்றுவரை சுடுகிறது. பிள்ளை பிழைத்துவிட்டதாம், அதனால் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லையாம். செத்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்கள்? விதி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அக்காவுக்குப் பிள்ளைக்காம்பரா திரும்பக் கிடைக்கவே இல்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பழகிய கை, கொழுந்து பறித்துப் பறித்து வெடித்துப் போனது. நான் பக்கத்து நிரை பிடித்து என் கொழுந்தில் கொஞ்சம் அள்ளி அவள் கூடையில் போடுவேன். மன்னிப்புக் கேட்டால், "சும்மா கெட புள்ள" என்பாள். ஆனால் காலையில் மலை ஏறினதும் செடிகளுக்கு மேலாக அவள் குரல்தான் முதலில் வரும். "நனைச்சாளா?" என்பாள். "நல்லா நனைச்சாக்கா" என்று நான் கத்துவேன். நிரையில் இருக்கிற பெண்களெல்லாம் சிரிப்பார்கள். வீட்டில் தொங்கிய ஈரத்துணியைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

மகள் இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். ஒரு குழந்தை ஏன் நனைக்கவில்லை என்று யோசித்த ஒரே மனுஷியிடமிருந்து அந்தக் குழந்தைகளையே பிடுங்கிவிட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நான் கண்ணை மூடுகிறவரை அந்தக் கோபம் ஆறவே கூடாது என்றுதான் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன்.