புங்கமரத்து ஓரம்

சாமுண்டீஸ்வரி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பட்டணத்தை ஒட்டிய நூம்பலில்தான். அவள் அப்பா நாற்று நட்ட கழனியின் மேல் இப்போது மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அங்கே படிக்கட்டும் வராந்தாவும் துடைப்பது அவள் வேலை.

குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி ஊர் இடுகாடு. ஒரு காலத்தில் காலரா வந்து, செத்தவர்களைப் புதைக்க இடமில்லாமல், கழனிவேலை செய்த சனங்கள் ஏரிமண்ணைக் கூடைகூடையாகக் கொட்டி உயர்த்திய மேடு அது என்பார்கள். பெரும்பாலும் கல் கிடையாது. யார் எங்கே என்பது அந்தந்த வீட்டாருக்குத் தெரியும். வடக்கே புங்கமரத்து ஓரம் மட்டும் பிள்ளைகளுக்கு.

சாமுண்டீஸ்வரியின் தலைச்சன் பெண் அங்கேதான் இருக்கிறாள். பிறந்து சில நாளிலேயே போய்விட்டாள். இடுகாட்டுக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. கணவன் துலுக்கானம் துணியில் சுற்றி எடுத்துப் போனதை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. அப்புறம் பையன்கள் பிறந்தார்கள், வளர்ந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கும் போகிறார்கள். அந்தத் தலைச்சன் பெண்ணைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மேட்டின் மீது குடியிருப்புக்காரர்களுக்குப் புகார். மேளச்சத்தம், பட்டாசு, புகை. இடத்தை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். அதிலிருந்து ஊரார் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த ஐப்பசியில், நாலாம் மாடி மைதிலிக்குப் பிறந்த ஆண்குழந்தை தங்கவில்லை. அவள் கணவன் ஸ்ரீராம் வெள்ளைத் துணிப் பொதியோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தான். அவர்களுக்குச் சொந்த ஊர் கும்பகோணம்.

"ஊருக்குக் கொண்டுபோலாம்னா, மைதிலி ஆஸ்பத்திரில தனியா இருக்கா அக்கா. எங்க எடுத்துட்டுப் போறதுன்னே தெரியல."

சாமுண்டீஸ்வரி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எங்கையில குடு சார்" என்று வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். நேராகக் கஜபதியின் வீட்டுக்கு நடந்தாள். துலுக்கானத்தின் அண்ணன் அவர். இடுகாட்டு விஷயத்தில் ஊர் அவர் பேச்சைத்தான் கேட்கும்.

"மேட்ட எடுன்னு மனு குட்த்தவங்களுக்கு மேட்டுலயே எடமா? இன்னா நாயம் இது?"

"இந்தக் கொயந்த இன்னா மனு குட்த்துச்சு மாமா? எம்பொண்ணு பக்கத்துல எடம் கீது. அவளுக்கும் ஒரு தொண ஆவும்."

கஜபதி பொதியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "தம்பியக் கூப்புடு. மண்ணு ஈரமா கீது, குயிய ஆயமா எடுக்கணும்" என்றார்.

அன்று அவளும் உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. துலுக்கானம் ஒரு நொடிகூடத் தேடவில்லை. வேரோரமாகப் போய், "நம்புளுது இங்க" என்றான். அந்த இடத்தில் மட்டும் புல் செதுக்கியிருந்தது.

"நீ வந்துகினு இருந்தியா?"

"பொங்கலுக்குப் பொங்கல் வருவேன், நடுவுல புல்லு செதுக்கவும் வருவேன். உங்கைல சொன்னா நீ அயுவன்னு சொல்லல."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்துக்குமாக அழுதாள். பக்கத்துக் குழியில் ஸ்ரீராம் முதல் பிடி மண்ணைப் போட்டான்.

மைதிலி உடம்பு தேறி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அவன் எங்க?" என்பதுதான். சாமுண்டீஸ்வரி அவளை அழைத்துப் போனாள். இருவரும் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

"உங்க பொண்ணுக்குப் பேரு வச்சீங்களா?"

"யுவராணி. யாருக்கும் தெரியாது, மன்சுக்குள்ள வச்சிகினேன்."

"நானும் ஒண்ணு வச்சிருக்கேன் அக்கா." மைதிலி குனிந்து அவள் காதில் சொன்னாள்.

அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் ஸ்ரீராம் எழுந்து, "என் பையன் அங்க இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். சிலருக்குக் கோபம்தான். ஆனாலும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய யாருக்கும் மனம் வரவில்லை. பின்சுவரில் சின்னதாக ஒரு கதவும் வைத்தார்கள்.

கஜபதி இன்னும் முணுமுணுப்பார். தைப் பொங்கலன்று மைதிலி மகனுக்குப் படைக்கக் கிண்ணத்தில் பாலோடு அந்தக் கதவைத் தாண்டி வந்தபோது, "பாத்து வாம்மா, முள்ளு கீது" என்று செருப்பில்லாத காலால் முள்ளை ஒதுக்கிவிட்டு முன்னால் நடந்தார்.