மயிலைத் தொரத்தாத தோட்டக்காரரு

எங்க எதுத்த வூட்டுக்கு ஒருத்தர் தோட்டம் பாக்க வருவாரு. ஸ்கூட்டர்ல மண்வெட்டி, புல்லு வெட்டுற மிசினு. மூஞ்சில மட்டும் மாப்பிள்ளை கணக்கா ஒரே பவுடரு! நாலஞ்சு வூடு புடிச்சு சொந்தமா தொழில் பண்ணிகினு இருந்தாரு.

"இன்னொரு வாட்டி செடி போச்சுன்னா நீ வராத"ன்னு வூட்டுக்காரம்மா சொல்லிட்டாங்களாம். அன்னைக்குன்னு பாத்து, பக்கத்து மலையிலேர்ந்து மயிலு எறங்கி, புதுசா நட்ட செடியைக் கொத்திகினு இருக்குது. இவரு, "போயிடு சாமி, பொழப்பு போயிடும்"னு கையெடுத்துக் கும்பிடுறாரு.

"இன்னா நைனா, தொரத்தேன்!"னு எங்க வாசல்லேர்ந்து கொரல் வுட்டேன்.

"முருகன் வண்டியாச்சே ஆயா, நான் எப்படி அடிப்பேன்? நீ தொரத்து."

சிரிச்சிகினே கொம்பெடுத்துகினு போனேன். தோகையை விரிச்சுது பாரு, அவ்ளோ அழகு! கையே ஓங்கல.

"நீயுமா ஆயா?"ன்னாரு.

கடைசி செடியும் போச்சு, அந்த வூட்டு வேலையும் போச்சு. இப்போ எங்க செடி வெக்கிறாரோ, பாவம்.