கண்ணை மூடி நடக்கும் பாட்டு

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த வருடங்களில், எங்கள் தமிழ்ச் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவன் நான்தான். டெல்லியிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர்ப் பாட்டுகளின் தமிழ் பிடிபடவில்லை. "அங்கிள், இதுக்கு மத்லப் என்ன?" என்று வரிக்கு வரி அர்த்தம் கேட்பார்கள். அதனால் சின்னச் சின்னச் சொற்களாக, கை காலை ஆட்டிப் பாடும்படி எழுதினேன். லோதி ரோடு அலுவலகத்துக்குச் சைக்கிள் மிதிக்கும்போதே மெட்டு வந்துவிடும். வண்டியை நிறுத்துவதற்குள் இரண்டு அடி தேறியிருக்கும்.

அப்படி வந்ததுதான் இது:

கண்ணை மூடி நடந்தாலும்
கல்லில் காலும் இடறாது,
கையைப் பிடித்துக் கூடவே
கர்த்தர் இயேசு வருவாரே.

கல், கை, கர்த்தர் என்று மோனை வரிசையாக அமைந்ததால் முதல் வரிக்குக் கண் வந்து உட்கார்ந்தது. வேறு யோசனை எதுவும் எனக்கு இருக்கவில்லை. பிள்ளைகள் கண்ணை இறுக மூடி, வலக்கையை நீட்டி, ஹாலின் குறுக்கே நடப்பார்கள். எதிர்ச்சுவரோரம் டீச்சர் நின்று ஒவ்வொருவராகப் பிடித்துக்கொள்வார். ஒரே கூச்சல், சிரிப்பு. எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள், அப்போது இரண்டாம் வகுப்பு, வரிசையில் முதலில் நிற்பாள். "எங்க டாடி எழுதுனது" என்று எல்லோரிடமும் சொல்வாள். நான் பின்னால் உட்கார்ந்து பூரித்துப்போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி முடிந்து நானும் அவளும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். என் மனைவி நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு டூட்டி. சபையார் ஒருவர் என் பாட்டைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். கேட்கச் சுகமாக இருந்தது. மகளின் கையை விட்டிருக்கிறேன். எப்போது விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிரேக் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நடுரோட்டில், கண்ணை மூடி, வலக்கையை நீட்டியபடி அவள் நின்றாள். நீட்டிய விரலுக்கு நேராக பஸ்ஸின் முகப்பு. டிரைவர் குதித்து இறங்கி, "அந்தி ஹை க்யா பச்சி? பாப் கஹாங் ஹை இஸ்கா?" என்று கத்தினார். பிள்ளை குருடா, இவள் அப்பன் எங்கே என்று கேட்கிறார். நான்தான் என்று சொல்லாமல் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

மகள் கண்ணைத் திறந்தாள். பயமே இல்லை அவள் முகத்தில்.

"தேக்கோ டாடி, பஸ் ருக் கயி! பாட்டு சச்தான்!"

பஸ் நின்றுவிட்டதாம். ஆகவே பாட்டு உண்மையாம்.

டூட்டி முடிந்து வந்த மனைவியிடம் சொன்னேன். "பிள்ளைய அடிச்சியளோ?" என்றாள்.

"இல்ல."

"எப்படி அடிப்பிய? நீங்க எழுதுனிய, அவ நடந்தா."

சொல்லிவிட்டு, தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நடந்து முடிந்ததைவிட, இனி நடக்கக்கூடியதுதான் என்னை ஆட்டியது. பாட்டு உண்மை என்பதற்குப் பிள்ளை அத்தாட்சி கண்டுவிட்டாள். மறுபடியும் நடப்பாள். கூடாது என்று சொன்னால் ஏன் என்பாள். இயேசு உன் கையைப் பிடிக்கமாட்டார் என்று நான் எந்த வாயால் சொல்வது?

டீச்சர் வீட்டுக்குப் போய், "கண்ணைத் திறந்து நடந்தாலே" என்று முதல் வரியை மாற்றிக் கொடுத்தேன். பாடிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி இது, ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு! இதுல விளையாட்டு எங்க இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "லீவுக்குப் போனப்ப பாளையங்கோட்டையில இந்தப் பாட்டச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேனே" என்றார். "அங்கேயிருந்து எங்கெங்க போச்சோ. எதிர்ல ஒரு ஆள் நின்னு பிடிக்கணும்னு சொன்னேனான்னு ஞாபகம் இல்ல, அண்ணாச்சி."

நானும் அதை எழுதியிருக்கவில்லை. பாட்டில் டீச்சருக்கு இடமே இல்லை. எந்த ஊரில் எந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாசலை விட்டு இறங்குகிறதோ என்ற நினைப்பு அன்று வந்தது. இன்னும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு புது வரியைப் பாடினார்கள். "யே போரிங் ஹை, அங்கிள்" என்றான் ஒருவன். மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். என் மகள் அதையும் செய்யவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழியில் கேட்டாள். "ஏன் மாத்துனீங்க டாடி? இயேசு இப்ப கை பிடிக்க மாட்டாரா?"

"பிடிப்பாரும்மா. ஆனா அன்னைக்கு பஸ்ஸ நிறுத்துனது அந்த டிரைவர் அங்கிள். அவர் கண்ணத் திறந்து வச்சிருந்தாரு. அதான் நீ அவருக்குத் தெரிஞ்ச."

யோசித்தாள். "அவருக்கு நம்ம பாட்டு தெரியாதுல்ல, அதான் திறந்து வச்சிருந்தாரு" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். பாதி ரோட்டில் குனிந்து பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பழைய வரிதான். தன்னைப் பிடித்திருப்பது என் கை என்று நினைக்கிறாளா, வேறு யாருடையது என்று நினைக்கிறாளா? கேட்கப் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபடி அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

"டாடி, வலிக்குது" என்றாள்.

பிடியை நான் தளர்த்தவில்லை.