மாமி பேருக்குப் பட்டா வாங்கின கதை

தும்மல்ல தான் எங்க ஊட்டுல பொழுது விடியும்…

கல்யாணம் ஆகி மலை மேல அரவேணு ஊருக்கு வந்த புதுசு. கடைக்குப் பின்னாடி ரூம்ல தார்பாய் விரிச்சு, மூணு ஃபேக்டரி டீத்தூளைக் கொட்டி எங்க ஊட்டுக்காரர் கலக்குவார். அந்தப் பொடி அடுப்படி வரைக்கும் ஏறும். நான் தும்ம, மாமி தும்ம, பக்கத்து ஊட்டுலயும் தும்மல் கேக்கும்.

கலந்ததைப் பச்சைக் கவர்ல போட்டு ஒட்டுவோம். மேல கொட்டை எழுத்துல ‘ஹாஜிரா டீ’. ஹாஜிரா வேற யாரும் இல்லீங்க, என் மாமியார் தான். மாமனார் மௌத்தான பிறகு தனியாளா நின்னு கடையை நடத்தி மகனை ஆளாக்கினவங்க. அதான் மகன் டீக்கு அம்மா பேரையே வெச்சுட்டார். மாமிக்கு வெளிய வெக்கம், உள்ளுக்குள்ள பெருமை. பஸ்ல யார் கையிலயாவது அந்தப் பாக்கெட்டைப் பாத்துட்டா, “அது என்ன டீ?”ன்னு ஒன்னுமே தெரியாத மாதிரி என்னைக் கேப்பாங்க. அடேயப்பா, என்ன நடிப்பு!

அந்தப் பேரு எங்களுது தான்னு எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. அப்ப GST வரல, டின் நம்பர் காலம். அதை வாங்கினதும் ரொம்ப லேட்டு தான். ஆனாலும் டின் நம்பர் அந்தப் பேர்ல, ஃபுட் லைசென்ஸ் அந்தப் பேர்ல… “கவர்மென்ட்டே நமக்குன்னு குடுத்திருக்கு, அப்புறம் என்ன?”ன்னு ஊட்டுக்காரர் ஹாயா இருந்தார்.

மூர்த்தி அண்ணன்னு ஒருத்தர். சொந்த ஊர் கீழ் கோத்தகிரி, குடியிருந்தது குன்னூர்ல. எங்க டீயை வேன்ல ஏத்திட்டுப் போய் மேட்டுப்பாளையம் பக்கம் கடை கடையாப் போடுறவர். திடீர்னு வர்றதை நிறுத்திட்டார். கொஞ்ச நாள்ல கீழ மேட்டுப்பாளையத்துல இருந்து வந்த சொந்தக்காரங்க கையில ஒரு பச்சைப் பாக்கெட்…

‘ஹாஜிரா கோல்டு’.

போன் பண்ணினா, மனுசன் நேர்லயே வந்துட்டார். முகத்துல தப்பு பண்ணின சாயலே இல்ல!

“பாய், கோல்டு சேர்த்தா அது வேற பேரு தானுங்க. ஆரம்பத்துல இருந்து கடை கடையா வித்ததும் நான் தானே? ட்ரேட்மார்க்குக்குப் போட்டுட்டேனுங்க. இனி பேரு என்னுது. நீங்க தான் வேற பாக்கோணும்.”

நெலம் மாதிரி நெனச்சுட்டார். பட்டா யார் பேர்லயோ, காடு அவங்களுது. கொடுமை என்னன்னா, எங்க ஊட்டுக்காரரும் அதையே நம்பிட்டார். “நாம முந்தாம விட்டுட்டோம்”ன்னு மூஞ்சி செத்து உக்காந்துட்டார்.

மாமி தான் முக்காட்டை இழுத்து விட்டுட்டு வெளிய வந்தாங்க.

“ஏந்தம்பி, அது எங்க அத்தா எனக்கு வெச்ச பேரு. நீ எப்ப வாங்கினே?”

அவர் தலையைச் சொறிஞ்சார். ஆனா விட்டுக் குடுக்கல. அன்னைக்கு மாமி சோறே சாப்பிடல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்… மறுநாளே ஊட்டுக்காரரை இழுத்துட்டுக் குன்னூர் பஸ் ஏறிட்டேன்.

ஆடிட்டர் ஆபீஸ் மாடியில ஒரு வக்கீலம்மா. டின் நம்பர் வரி கட்டத்தான், பேருக்கு அது காவல் இல்லன்னாங்க. அம்மா பேருங்கிறதால மட்டும் யாவாரப் பேரு உங்களுது ஆயிராதுன்னாங்க. நான் ஊட்டுக்காரரைப் பாத்தேன், அவர் ஜன்னலைப் பாத்தார். ஆனா மூர்த்தி அண்ணன் இப்போதைக்கு அப்ளை தான் பண்ணியிருக்கார், அதை எதிர்க்கலாமாம். அவருக்கு முந்தியே நாங்க அந்தப் பேர்ல யாவாரம் பண்ணினதைக் காட்டோணுமாம்.

“பழசு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

எங்க இருக்கு! எல்லாம் வாய்ப்பேச்சு யாவாரம். பழைய கவரெல்லாம் அடுப்பு பத்த வெச்சாச்சு.

திரும்பி வர்ற பஸ்ல ஊட்டுக்காரர் திடீர்னு, “ஏய், ஜெர்சி!”ன்னு கத்தினார். டீ ஆரம்பிச்ச வருசம் கீழ் கோத்தகிரி எஸ்டேட் பசங்களோட பொங்கல் வாலிபால் டீமுக்கு ஜெர்சி எடுத்துக் குடுத்தாராம். அப்ப மூர்த்தி அண்ணன் வேன் பக்கமே வரலை.

நேரா அங்க போனோம். டீம் கேப்டன் ஊட்டு சுவத்துல கண்ணாடி போட்ட போட்டோ. கப்பு, அதுக்குப் பக்கத்துல அந்த வருசத்தை எழுதி வெச்ச ஸ்லேட்டு, எல்லார் நெஞ்சுலயும் ‘ஹாஜிரா டீ, அரவேணு’. முன் வரிசையில பந்தைக் கட்டிப் புடிச்சுட்டு முட்டி போட்டு உக்காந்திருக்கறது யாருங்கறீங்க?

நம்ம மூர்த்தி அண்ணனே தான்!

போட்டோவைக் கடைக்கு எடுத்துட்டு வந்து அவரைக் கூப்பிட்டோம். பாத்ததும், “அட, நானுங்க இது! எவ்வளவு ஒல்லியா இருக்கேன்!”னு சிரிச்சார். சிரிச்சுட்டே நெஞ்சுல இருந்த எழுத்தைப் பாத்தார்… சிரிப்பு நின்னு போச்சு. மாமி உள்ள போனாங்க. டீ போட்டுக் கொண்டு வந்து அவர் முன்னாடி வெச்சாங்க. குடிச்சு முடிச்சுட்டு, “வாபஸ் வாங்கிக்கறேனுங்கம்மா”ன்னார். சொன்ன மாதிரியே செஞ்சார். இப்ப தன் மக பேரை வெச்சு டீ விக்கறார், நல்லாவே ஓடுது.

நாங்களும் உடனே அப்ளை பண்ணினோம். ஆடி அசைஞ்சு சர்ட்டிபிகேட் வந்த அன்னைக்கு மாமி அதைத் தடவிப் பாத்து, “என் பேரை எனக்கே எழுதிக் குடுத்துட்டாங்களா?”ன்னாங்க.

“பத்து வருசத்துக்குத் தாம்மா”ன்னார் ஊட்டுக்காரர்.

“அட, அவ்வளவு தானா? அதுக்குள்ள நான் போயிட்டா?”

“நாங்க புதுப்பிச்சுக்குவோம்மா.”

அப்பெல்லாம் ஒரு கையெழுத்துக்குக் குன்னூருக்கு எத்தனை தடவை பஸ் ஏறினோம்… இப்ப டீ கலக்க மெஷின் வந்தாச்சு, ஊட்டுல தும்மலும் இல்ல. மாமியும் இல்ல.

போன மாசம் வக்கீலம்மா ஆபீஸ்ல இருந்து போன்… பேருக்குக் குடுத்த பத்து வருசம் முடியுதுன்னு. எங்கயும் போகல, பணமும் போன்லயே கட்டியாச்சு. ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்ப “ரினியூ ஆயிருச்சு”ன்னு மெசேஜ் வந்துச்சு. ஊட்டுக்காரர் அதைப் படிச்சுட்டு, கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னார்…

“அம்மாவுக்கு இன்னும் பத்து வருசம்.”