கோர்ட் வீட்டுக்கு வந்த நாள்

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நர்ஸ் படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பயிற்சி எடுத்துக்கொண்டவள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது, குழாய் வழியாகக் கஞ்சி செலுத்துவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆள் ஒல்லிக்குச்சி. ஆனால் எண்பது கிலோ மனிதரை ஒற்றை ஆளாகத் திருப்பிப் போட்டுவிடுவாள். "ஊதினா பறந்துடுவ போல இருக்க, யானையைக்கூட புரட்டிடுவியே" என்று அவள் கணவன் கேலி செய்வான். அவன் எலக்ட்ரீஷியன். பள்ளிக்கூடம் போகும் ஒரே பெண் அவர்களுக்கு.

ஏஜென்சி அவளைக் கடைசியாக அனுப்பியது ஒரு பெரியவர் வீட்டுக்கு. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் கொண்டுபோய்விட்டது. மிச்சம் வைத்தது ஒரே ஒரு வார்த்தை: "சரி." பசிக்கிறதா என்று கேட்டாலும் சரி, பசிக்கவில்லையா என்று கேட்டாலும் சரி. "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து மாமா என் பேச்சுக்கு ஒரு சரி சொன்னதில்ல. இப்பதான் வாய் நிறைய சொல்றார்" என்று மருமகள் சிரிப்பாள். அவள் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தாள். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள்.

வாய் என்ன சொன்னாலும் பெரியவரின் இடது கை பொய் சொல்லாது என்பதைச் சிஸ்டர் சில நாட்களில் கண்டுபிடித்துவிட்டாள். அவர் கையில் ஒரு விரலைக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் இறுக்கிப் பிடிப்பார். இல்லை என்றால் விட்டுவிடுவார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

பெரியவரின் மகனுக்குக் கட்டட சாமான் வியாபாரம். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினார். முதலில் சிஸ்டர் கையிலிருந்து துண்டை வாங்கும்போது விரல் பட்டது. பிறகு வழி விடாமல் நின்றார். ஏஜென்சி நடத்தும் அம்மாவிடம் சிஸ்டர் சொன்னாள். வேறு வீடு காலியாகட்டும், மாற்றுகிறேன், அதுவரை கொஞ்சம் ஒதுங்கி இரு என்று பதில் வந்தது.

அவளும் ஒதுங்கித்தான் இருந்தாள். அவர் வந்து போகும்வரை பெரியவர் அறையை விட்டு நகரமாட்டாள். பெற்ற அப்பன் கண்திறந்து படுத்திருக்கும் இடத்தில் ஒருவன் என்ன செய்துவிடுவான் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு ஒரு மதியத்தில் பொய்த்துப்போனது. மகன் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டார். நடந்ததைப் பிறகு அவள் எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் யாரிடமும் முழுதாகச் சொல்ல வராத ஒன்று உண்டு. அவ்வளவு நேரமும் கட்டிலில் இருந்து பெரியவர் கத்திக்கொண்டே இருந்தார். அவரிடம் இருந்தது ஒரே வார்த்தை. சரி, சரி, சரி என்று அதைத்தான் அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

மகன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்பாவுக்குப் பெட்ஷீட் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் மாற்றினாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. பெரியவர் அவள் விரலைப் பிடித்தவர் விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துப்போயிற்று. முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"நீ ஏன் கத்தல?"

கேட்ட பிறகு அவனே தலையில் அடித்துக்கொண்டான். குளிக்கப் போனவளைத் தடுத்து, அதே துணியோடு காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனான். எழுத்து வேலையில் இருந்த போலீஸ்காரர், பெரிய இடமாச்சே, நன்றாக யோசித்தாயா என்று இரண்டு தடவை கேட்டார். பெண் இன்ஸ்பெக்டர் வந்த பிறகுதான் பேனா நகர்ந்தது. பிறகு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கனிவாகத்தான் பேசினார். ஆனால் அவரும் கேட்டார், ஏன் கத்தவில்லை என்று. கேட்காதவர் யாருமில்லை. அவள் தாய்கூட போனில் கேட்டாள். அவளுக்கே அது விளங்கவில்லை. வாயைத் திறந்தது நினைவிருக்கிறது. சத்தம்தான் வரவில்லை.

மகனைக் கைது செய்தார்கள். சில வாரங்களில் ஜாமீனில் வந்துவிட்டார். ஏஜென்சி அம்மா அவளைக் கூப்பிட்டனுப்பி, இனி எந்த வீட்டுக்கும் உன்னை அனுப்ப முடியாது, எல்லோரும் பயப்படுகிறார்கள் என்றார். "முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழியறது சேலைதாம்மா. தெரியாதா உனக்கு?"

"அப்போ முள்ளை யாரும் வெட்டவே மாட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு அவள் வந்துவிட்டாள். கேட்கும்போது இருந்த தைரியம் தன் தெருமுனை வருவதற்குள் கரைந்துபோயிற்று.

ஏனென்றால் அந்தத் தெருமுனை டீக்கடையில் இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு நின்றார்கள். மறுநாளும் நின்றார்கள். எதுவும் பேசுவதில்லை, பின்தொடர்வதில்லை. டீ குடிப்பார்கள், அவள் வீட்டுக் கதவைப் பார்ப்பார்கள். போலீஸில் சொன்னால், டீ குடிப்பது குற்றமா என்று கேட்டார்கள். ஒரு நாள் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா, பைக் மாமா என்கிட்ட எந்த கிளாஸ் படிக்கிறேன்னு கேட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். கேட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து பெண்ணைக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் அவளோ கணவனோதான்.

அக்கம்பக்கத்தார் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் அவள் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். மூடிய வாய்கள்தான் அவளை அதிகம் பயமுறுத்தின.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது அரசு வக்கீலம்மா ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்தான், அது பெரியவர். அவரை நீதிமன்றத்துக்குத் தூக்கிவர முடியாது. ஆகவே நீதிபதியே வீட்டுக்கு வந்து விசாரிப்பதாக உத்தரவாயிற்று. சிஸ்டர் சொன்ன விரல் ஜாடையைப் புரிந்து சொல்லப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் ஒருவரை நியமித்தார்கள். அவளையும் வரச் சொன்னார்கள்.

அந்த வீட்டுப் படியில் மறுபடி கால் வைக்க அவளுக்கு மனமே வரவில்லை. போனாள். அதே செருப்பு அலமாரி, அதே திரைச்சீலை. ஹாலில் ஒரு பெண் போலீஸுடன் உட்காரவைத்தார்கள். பெரியவரின் மகன் ஒரு தட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். நீதிபதிக்குக் கொடுத்தார், வக்கீல்களுக்குக் கொடுத்தார். கடைசியாக அவள் முன்னால் வந்து நின்றார்.

"எடுத்துக்கோங்க சிஸ்டர்."

பெண் போலீஸ் எழுந்து, தள்ளிப் போங்க சார் என்ற பிறகுதான் நகர்ந்தார்.

பெரியவரின் அறைக் கதவு திறந்தபோது ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பாதியாக இளைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் புதிதாக ஓர் ஆண் அட்டெண்டர் நின்றிருந்தான். இவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் கொடுக்காததும் யார் கையில் இருக்கிறது என்று நினைத்தபோது, தனக்காகப் பட்ட பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இந்த மனிதர் எந்தத் தைரியத்தில் எதைச் சொல்வார்?

எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பிலேயே, புகார் கொடுத்தவள் அறைக்குள் இருக்கக் கூடாது, அவளே ஜாடை காட்டிவிடுவாள் என்றார். நீதிபதி அவளை ஹாலிலேயே இருக்கச் சொன்னார். பேச்சு மட்டும் கேட்டது.

அன்று மதியம் உங்கள் மகன் இந்த அறைக்கு வந்தாரா என்று அரசு வக்கீலம்மா கேட்டார். "சரி" என்று குரல் வந்தது. விரலை இறுக்குகிறார் என்றார் டாக்டர். சிஸ்டரிடம் தப்பாக நடந்துகொண்டாரா? "சரி." கை ரொம்ப நடுங்குகிறது, இனி அதை வைத்து என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் நேர்மையானவர். அந்த நேர்மை அவள் தலையில் இடியாக விழுந்தது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ஐயா, நீங்க இந்த நாட்டுக்கு ராஜாவா?"

"சரி."

"இப்ப வெளியில பனி கொட்டுதா?"

"சரி."

யாரோ சிரித்தார்கள். வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்தம்மா சொல்றது எல்லாம் பொய். அப்படித்தானே?"

"சரி."

அதோடு வக்கீல் உட்கார்ந்திருக்கலாம். போதும் என்று நிறுத்தத் தெரிந்தவர் யார்? இன்னும் ஒன்று கேட்டார்.

"உங்க பையன் தங்கமானவர். உங்களை நல்லா பார்த்துக்கறார். சரிதானே ஐயா?"

பதில் இல்லை.

வக்கீல் மறுபடி கேட்டார். இன்னும் சத்தமாகக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. பேச்சு போன நாளிலிருந்து கேட்ட கேள்விக்கெல்லாம் சரி சொல்லிக்கொண்டிருந்த வாய் மூடிக்கொண்டுவிட்டது. அந்த அமைதியில் மகனின் குரல் கேட்டது. முதல் தடவையாக அது உயர்ந்திருந்தது.

"அப்பா, சரின்னு சொல்லுங்கப்பா."

"நீங்க பேசக் கூடாது" என்றார் நீதிபதி. சாட்சி பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். எழுதி முடிக்கும்வரை பெரியவர் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாராம். வக்கீலம்மா பிறகு சொன்னார். கூடவே, சட்டப்படி இதற்கு மதிப்பு ஒன்றும் கிடையாது, ஆசையை வளர்த்துக்கொள்ளாதே என்றும் சொன்னார். ஆட்டோவில் திரும்பும்போது அவளுக்கு அந்த மதிப்பைப் பற்றிய நினைவே இல்லை. இன்று ராத்திரி அந்த வீட்டில் அவருக்கு யார் கஞ்சி கொடுப்பார்கள் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து அவள் முறை. மூடிய அறையில் விசாரணை. மகன் ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்தார். முகம் தெரியாவிட்டாலும் அவர் செருமுவது கேட்டது. எண்பது கிலோ நோயாளியைப் புரட்டிப் போடுகிறவளால் ஒருவரைத் தள்ளிவிட முடியாதா என்று வக்கீல் கேட்டார்.

"நோயாளிங்க என்னைப் புரட்ட விடுவாங்க சார். இவர் விடல."

"ஏன் கத்தல?"

"சத்தம் வரல."

"தொண்டையில ஏதாவது வியாதியா?"

"பயம் சார்" என்றாள். "இப்பவும் இருக்கு. உங்க முன்னாடி நிக்கும்போதும் இருக்கு. அதோடதான் பேசறேன்."

தீர்ப்பு வருவதற்கு முன்பே பெரியவர் போய்விட்டார். எங்கிருந்தோ நம்பரைத் தேடிப் பிடித்து அந்த ஆண் அட்டெண்டர்தான் போன் செய்து சொன்னான். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

"முதுகுல புண் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

அவளால் போய்ப் பார்க்க முடியவில்லை. எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது? வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவள் வாக்குமூலத்தையும் டாக்டரம்மாவின் அறிக்கையையும் நம்பலாம் என்று நீதிபதி எழுதினார். கத்தாததால் சம்மதம் என்று ஆகாது என்றும் ஒரு வரி எழுதினார். மகனுக்குத் தண்டனை கிடைத்தது. கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னிடம் அன்று அதைக் கேட்டிருக்கக் கூடாது என்றான். சந்தோஷப்பட அவர்களுக்கு நாள் அதிகம் கிடைக்கவில்லை. மகன் தரப்பில் அப்பீல் போனார்கள். தண்டனையை நிறுத்திவைத்து, மேல்கோர்ட்டு அவரை ஜாமீனில் விட்டது.

இப்போது அவளுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் வேலை. போன மாதம் மருந்துக்கடை வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் திரும்பினார். அவரேதான். கொஞ்சம் நரைத்திருந்தார். "நீங்க முதல்ல வாங்கிக்கோங்க" என்று அதே குரலில் சொல்லி வழிவிட்டார். கடைக்காரர், நல்ல மனுஷன் என்பது போலத் தலையாட்டினார். அவள் எப்படியோ மருந்துச் சீட்டை நீட்டினாள், மருந்தை வாங்கினாள், ஓடாமல் நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், மருந்து மாறியிருந்தது.

அப்பீல் இன்னும் எடுக்கப்படவில்லை. பெண் வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அம்மா கூட வருவது அவளுக்கு மானக்கேடாக இருக்கிறது.

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்கம்மா. நான் என்ன குழந்தையா?"

"சிரிக்கட்டும்" என்கிறாள் சிஸ்டர். பெண் கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடக்கிறாள். அவள் கொஞ்சம் இடைவெளி விட்டு, டீக்கடையைப் பார்த்தபடி, பின்னாலேயே போகிறாள்.